சமஸ்கிருதத்தை நம்பிய கிராணி

ஈர விறகுப் புகையில் மரவள்ளிக்கிழங்கு வேகும்போது கிளம்பும் வாசனையை எங்கே முகர்ந்தாலும் எனக்கு உடனே சமஸ்கிருதம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பண்டிதர்கள் மன்னிக்க வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில், ஒன்பது வயதுப் பெண்ணாக இருந்த எனக்கு அந்த மொழி அப்படித்தான் அறிமுகமாயிற்று.

அப்பா தேயிலை ஆலையில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் குலத்தில் யாரும் பூணூல் போட்டதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரவழைத்த ஒரேயொரு பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்பா சமஸ்கிருதத்தைத் தானாகவே படித்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் "கிராணி ஐயரு" என்று கேலி செய்வார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்வார். அந்த மொழியை ஏன் கற்க வேண்டும் என்று யாரும் கேட்காமலே விளக்குவார்: அது வணிகரோடு கப்பலேறியது, பிக்குகளோடு மலை தாண்டியது, மலாய்க்காரர் கணவனை "சுவாமி" என்பதும் மனைவியை "இஸ்திரி" என்பதும் அது போகிற வழியில் இறக்கி வைத்த மூட்டைகள், அதைக் கற்றவனுக்கு எந்தச் சீமையிலும் ஒரு சொந்தக்காரன் கிடைப்பான். மலாய்க்காரரின் "புவாசா" கூட நம்முடைய உபவாசம்தான் என்று அவர் ஒருநாள் பூரித்தபோது, கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா, "பட்டினிக்கு மட்டும் மறக்காம பேரு வச்சுட்டுப் போயிருக்கு" என்றாள்.

தினமும் காலையில், வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் நெருப்பு மூட்டி, அரிசியும் நெய்யும் கண்ணில் படாத அந்நாளில் ஒரு சிட்டிகை கிழங்குத் துருவலை "ஸ்வாஹா" என்று சொல்லி அதில் போடுவார். "புள்ளைங்க வயிறு எரியறது போதாதா, இதுக்கு வேற தீனியா?" என்பது அம்மாவின் மந்திரம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் மலையேறி வந்தது. கீழ்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்திலும் பெயர் எழுதப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் நானாவிடம் அம்மா ஓடினாள். அவர் கடைக்குக் காய்கறி கொண்டுவரும் சீனர், மலைக்கு மேலே தம் ஊரான திரிங்காப்புக்குத் திரும்பும்போது அப்பாவைக் கூட்டிப்போய் ஒளித்து வைப்பதாக ஏற்பாடு. "கூடையத் தூக்கிக்கிட்டு பின்னாலயே நடக்கச் சொல்லு தங்கச்சி. வழியில வாயத் தொறந்து மந்திரம் மட்டும் சொல்ல வேணாம்லா" என்றாராம் நானா.

சீனர் வருவதற்கு முதல் நாள் காலையில், பெயர் எழுத வந்த ஜப்பானியச் சிப்பாய் எங்கள் வாசலில் நின்றான். உள்ளேயிருந்து வந்த "ஸ்வாஹா"வைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சொவாகா" என்றான். அவன் தன் ஊரில் புத்தர் கோயில் பூசாரியின் மகன் என்றும், அவர்கள் மந்திரமும் அந்தச் சொல்லில்தான் முடியும் என்றும் அரைகுறை மலாயிலும் சைகையிலும் தெரிந்துகொண்டோம். டின் சாம்பலைத் தரையில் பரப்பி, மந்திரங்களுக்கென்று அவர்கள் வைத்திருந்த எழுத்தில் ஓர் "அ" எழுதினான். பக்கத்தில் அப்பா தம் கிரந்த "அ"வை எழுதினார். இரண்டும் மாமன் மகனும் அத்தை மகனும் போல இருந்தன. அப்பா அழுதேவிட்டார்.

"ஏங்க, உங்க பேரை எழுதியிருக்கானான்னு கேளுங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. சொந்தக்காரனிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லையாம்.

மறுநாள் சீனர் வந்தார், அப்பா போகவில்லை. "ஆயிரம் வருசத்து உறவுடி. நம்மாளு, கைவிட மாட்டான்" என்றார். அம்மா காலில் விழுந்தும் அசையவில்லை. சீனர் வெறுங்கூடையோடு தனியே மலையேறிப் போனார்.

மூன்றாம் நாள் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற அதே இடத்தில், அந்தச் சிப்பாயே பெயர்களை வாசித்தான். முதல் பெயர் அப்பாவுடையது. அப்போதும் ஏதோ தவறு என்று நினைத்தவராக, சிரித்தபடி அவன் முன்னால் போய் நின்று "ஸ்வாஹா" என்றார். அவன் இடுப்பு வரை குனிந்து வணங்கினான். பிறகு முழங்கையைத் தாங்கிப் பிடித்து அவரை லோரியில் ஏற்றினான். அன்று வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. அப்பா திரும்பவே இல்லை.

அம்மா நாளடைவில் ஜப்பான்காரனைக்கூட மன்னித்தாள், சமஸ்கிருதத்தை மன்னிக்கவில்லை. ஆகவே முப்பது வயதுக்கு மேல், கோலாலம்பூரில் ஒரு மாலை வகுப்பில், சிலர் வீட்டுக்குத் தெரியாமல் குடிக்கப் போவதுபோல ஒளிந்து போய் நான் அதைப் படித்தேன். அப்பா சொன்ன பெருமைகளுக்காக இல்லை. அந்த மனிதர் எதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பார்ப்பதற்காக. அவர் சொன்ன வரலாறு சரியாகத்தான் இருந்தது. சாம்பலில் அந்தச் சிப்பாய் எழுதிய எழுத்து, பிக்குகளோடு சீனம் போய், அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறியதுதான். உறவு உண்மை. உறவுக்காரன்தான் உதவவில்லை, எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதானே.

போன மாதம் அம்மாவை மேலே பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். லயம் இல்லை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் சுற்றுலா பஸ்கள் நிற்கின்றன. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே, "நீ அந்தப் பாஷையப் படிச்சியாமே?" என்றாள்.

இந்த வயதில் திருட்டில் பிடிபட்டவள் போல விழித்தேன். "ஆமாம்மா."

"அதுல, ஓடிப் போயிருன்னு சொல்றதுக்கு வார்த்தை இருக்கா?"

"இருக்கும்மா. நாலஞ்சு இருக்கு."

அம்மா பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ஒண்ணுகூடவா அவ்வளவு தூரம் போய்ச் சேரல?"