யமனப்பாவின் மடி அரிசி

பேடகி மிளகாய்ச் சந்தையில் மூட்டை தூக்குகிற எங்களில் பாதிப் பேருக்குத் தொடையிடுக்கில் வீக்கம் உண்டு. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்குவோம். தொழில் கொடுத்தது என்று அதில் ஒரு வெட்டிப் பெருமை வேறு. யமனப்பாவும் முப்பது வருஷம் அப்படித்தான் திரிந்தான். போன வருஷம் வலியில் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவனுக்கு வேறு ஆள் இல்லை, கையெழுத்துப் போட்டது நான்.

பாதி ஆபரேஷனில் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"நீ அவருக்கு என்ன வேணும்?"

"கூட மூட்டை தூக்குறவன்மா."

"குடல் இறங்கியிருக்கும்னு திறந்தோம். உள்ள சின்னதா ஒரு கர்ப்பப்பை இருக்கு. பொறந்ததிலேருந்தே இருந்திருக்கு. விதையும் கீழ இறங்கல. இவருக்குக் குழந்தை இருக்கா?"

இல்லை. அதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி நிங்கவ்வாவை மலடி என்று தெருவே பேசி விரட்டியது. எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும் சுமங்கலிக்கு அரிசியும் தேங்காயும் போட்டு மடி நிரப்பித்தான் அனுப்புவோம். அவள் வெறும் மடியோடு போனாள். இவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

தையல் ஆறியதும் அரிசியும் தேங்காயும் வாங்கிக்கொண்டு அவளுடைய ஊரான சவணூருக்குக் கிளம்பினான். நானும் போனேன். மடி நிரப்புவது பெண்கள் வேலை. ஆம்பிளை ஒருத்தன் அந்த மூட்டையோடு வந்து நிற்பதைப் பார்த்து அவள் அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நிங்கவ்வா மட்டும் சிரிக்காமல், டாக்டரம்மா சொன்னதை அவன் சொல்லக் கேட்டாள்.

"குறை என்கிட்டதான் நிங்கி. வீட்டுக்கு வந்துடு."

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? என்னைப் பேசினது உங்க தெரு. அங்க போய்ச் சொல்லுங்க. சொன்ன அன்னிக்கே வர்றேன்."

"எப்படிச் சொல்றது? சந்தைப் பசங்க சிரிச்சே கொன்னுடுவானுங்க."

"என்னைப் பாத்துச் சிரிச்சப்போ நான் செத்தா போனேன்?"

முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அரிசி மாசக்கணக்கில் அவன் அறையில் ஆணியில் தொங்கியது. நேற்றுப் போனபோது அதைப் பொங்கித் தனியாகத் தின்றுகொண்டிருந்தான்.

"பூச்சி விழ ஆரம்பிச்சுடுச்சு" என்றான், தலை நிமிராமல்.

தெருவில் அவள் இன்னும் மலடிதான். கையெழுத்துப் போட்ட நானும் இதுவரை வாய் திறக்கவில்லை.