மருமகளின் நாலு தபாலட்டைகள்

படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் மண் மூடிய பதுங்குகுழி. உள்ளேயிருந்து தாய் கூப்பிடுகிறாள். பொடியன் சொல்கிறான்: "அப்பாவின் குறட்டைக்குக் குண்டுச் சத்தம் பரவாயில்லை அம்மா. நான் வெளியிலேயே நிற்கிறேன்."

அக்காவின் மகள், என் மருமகள், பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த போட்டோக்கொப்பி அது. அவளுடைய வகுப்பில், இயர் ஃபைவில், இரண்டாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இப்படிப் பகிடித் தபாலட்டைகள் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் குழந்தைகள்தான். ஒரு பெட்டை தன் நாய்க்கு வாயு முகமூடி மாட்டுகிறாள். இன்னொருத்தன் முன்வளவில் நட்ட கோவாச் செடியைக் கெதியாக வளரச் சொல்லி ஏசுகிறான். எல்லோருக்கும் கன்னம் பணிஸ் மாதிரி உப்பல்.

"பங்கீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட கன்னமோ இது? சும்மா புளுகுறாங்கள்," என்றேன்.

"மாமா, பகிடி விடாதேங்கோ. ஹோம்வேர்க். எங்கடை ஃபமிலியிலை வோர் நடக்கேக்கை என்ன ஃபன்னியா நடந்தது எண்டு மூண்டு கார்ட் கீறவேணும்."

"உன்ரை அம்மாட்டைக் கேள்."

"அம்மா சொல்லமாட்டா. வோர் எண்டாலே கிச்சினுக்குள்ளை போயிடுவா."

அது உண்மை. ஆகவே லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் அந்த வீட்டில் யுத்தத்துக்குப் பொறுப்பாளன் நான்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அக்கா வீட்டு முன்னறைச் சோபா என்னுடையது. சனி, ஞாயிறுகளில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடையில் சாமான் அடுக்கினேன். என் அகதி வழக்கை மறுத்துவிட்டார்கள். அப்பீலும் தோற்றது. ஊரில் சமாதானம் வந்துவிட்டதாம், பாதை திறந்துவிட்டதாம், திரும்பிப் போகலாமாம். அதற்குப் பிறகு நான் இமிகிரேஷனில் கையெழுத்து வைக்கப் போவதை நிறுத்திவிட்டேன். இமிகிரேஷன்காரரிடம் அக்கா வீட்டு விலாசம் இருந்தது. ஆகவே பெல் அடித்தால் அத்தான் டி.வி.யை நிறுத்துவார், அக்கா உதட்டில் விரலை வைப்பாள், நான் மாடியேறி மருமகளின் கட்டிலுக்குக் கீழே போவேன். வந்தவர் பீட்சாக் கடை விளம்பரம் போடுகிறவர் என்று தெரிந்த பிறகு, தலையில் தூசியோடு இறங்கி வருவேன். கட்டிலுக்குக் கீழே ஒற்றைச் சப்பாத்து, உடைந்த கிரேயோன்கள், எப்போதும் ஒரு காலுறை. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ரோட்டில் மட்டும் எனக்குப் பயமில்லை. அவர்களிடம் இருந்தது வீட்டு விலாசம். ரோட்டுக்கு விலாசம் கிடையாதே.

அன்று மருமகளுக்கு மூன்று கதை சொன்னேன். பங்கருக்குள் பாம்பு, வானத்தில் சுடுகிற ஹெலிகொப்டர், குழி வாசலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நான் நின்ற கதை. சீனிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த கதை. கடைசிக் கதைதான் அவளுக்கு விருப்பம். கணக்குச் சோதனை நடக்கும்போது குண்டு போடுகிற பொம்மர் வந்தது. எல்லோரும் வினாத்தாளோடு பங்கருக்குள் பாய்ந்தோம். கெட்டிக்காரப் பெட்டை ஒருத்தி எனக்குப் பக்கத்தில் அகப்பட்டாள். பொம்மர் போய் நாங்கள் மேலே ஏறி வரும்போது என் கணக்கெல்லாம் சரி.

"மாமா கணக்கிலை பாஸ் பண்ணினது அந்த ஒருக்காதான். அந்தப் பைலட்டுக்கு இண்டைக்கும் நன்றி சொல்றனான்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாக்கை வெளியே நீட்டியபடி மூன்று அட்டைகளும் கீறினாள். அவற்றில் எனக்குப் பணிஸ் கன்னம்.

மறுவாரம் டீச்சர் வீட்டுக்குப் போன் எடுத்தா. அக்காவின் ஆங்கிலம் தபால்காரருக்குப் போதும், டீச்சருக்குப் போதாது. மூன்று சொல்தான் பிடிபட்டது: பிக்ச்சர், வொறீட், தேர்ஸ்டே. போனை வைத்துவிட்டு அக்கா மகளைப் பார்த்தாள்.

"என்னடி கீறினனீ?"

"மூண்டு கார்ட்."

"பிறகு?"

"...இன்னொண்டும்."

நாலாவது அட்டையை அவள் எனக்கும் காட்டியிருக்கவில்லை. வகுப்பில் வைத்தே கீறிக் கொடுத்திருக்கிறாள். அவள் சொன்னபடி, படத்தில் கதவுக்கு வெளியே ஒரு பெரிய கை பெல்லை அமத்துகிறது. உள்ளே ஒரு பெண் உதட்டில் விரலை வைத்திருக்கிறாள். ஒரு ஆள் டி.வி.க்கு முன்னால் குனிந்து நிற்கிறார். மேலே ஒரு கட்டில்; அதன் கீழேயிருந்து நான் உடுத்துகிற கட்டம் போட்ட சாரமும் இரண்டு பெரிய பாதங்களும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே எழுதியிருந்ததாம்: "பெல் அடிக்குது! அங்கிள், யுத்தம் தொடங்கிட்டுது!"

"ஊரிலை நடந்ததைக் கீறச் சொன்னா, இதை ஏனடி கீறினனீ?"

"இதுவும் எங்கடை ஃபமிலிதானே அம்மா. இதுதான் நான் கண்ட வோர்."

அக்கா கதிரையில் இருந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"பள்ளிக்கூடம் சோஷல் சேவிஸ்காரருக்குச் சொல்லும்," என்றாள் அக்கா. "சோஷல் வீட்டை வரும். வந்து சோபாவிலை இவனைக் காணும். பிறகு நேரா பிளேன்தான்."

அத்தான் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து கேட்டார். தன் அகதி இன்ரவியூவை ஒரே தரத்தில் பாஸ் பண்ணியவர் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. சாப்பிடாமலே பேனாவை எடுத்துக்கொண்டு மேசையில் அமர்ந்தார்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. இதுவும் இன்ரவியூ மாதிரித்தான். முரண்படக் கூடாது, அவ்வளவுதான். வாம்மா, முன்னாலை இரு. மாமா இப்ப எங்கை?"

"சோபாவிலை."

"இல்லை. மாமா சுவிஸிலை. விருந்தாளியா வந்தவர், திரும்பிப் போட்டார். விளங்கிச்சோ? மாமா எங்கை?"

"சுவிஸிலை."

"என்ன வேலை?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொக்லேட் சாப்பிடுறவர்" என்று நான் வாயசைத்தேன்.

"சொக்லேட் சாப்பிடுறவர்."

"டேய், பகிடி விடாதை. அதிகாரி குறுக்குக் கேள்வி கேப்பார். எப்ப போனவர்?"

"மூண்டு மாசத்துக்கு முதல்." அவள் நகத்தைக் கடித்தாள். "ஆனா அப்பா, மிஸ் நேற்றும் மாமாக்கு ஹலோ சொன்னவ."

அத்தானின் பேனா நின்றது.

ஒரு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் பள்ளிக்கூட வாசலில் நின்று மருமகளைக் கூட்டிவருகிறவன் நான். பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பள்ளிக்கூடம் கேட்டபோது, மாமனிடம் ஒப்படைக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே அத்தான்தான். வீட்டில் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிற ஆள், தெருவில் செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு ஊரறிய நின்றிருக்கிறேன். இது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு ஆபத்து என்றால் கதவுதான்.

"அப்ப வேறை கதை வேணும்," என்றார் அத்தான். அவருக்கு வியர்த்திருந்தது. "விளையாட்டு. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறனாங்கள். பெல் அடிச்சா மாமா ஒளிப்பார். சொல்லு பாப்பம்."

அவள் சொன்னாள். திரும்பவும் சொன்னாள். குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று அக்கா கேட்டாள். உள்ளேயிருந்து அவள் சொன்னாள். வியாழக்கிழமைக்குள் பிள்ளை தனக்கு விருப்பமான பாண் கரையைக்கூடத் தின்னாமல் வைத்தது. தொலைபேசி அடித்தால் தானே ஓடிப்போய் டி.வி.யை நிறுத்தியது. பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் ஒரு நாள் கேட்டாள்:

"மாமா, என்னாலைதான் உங்களைப் பிடிப்பாங்களோ?"

"பிடிச்சா நல்லதுதானே. பிளேனிலை ஓசிச் சாப்பாடு. ஜன்னல் சீற் கேப்பன்."

வழக்கமாக என் தோளில் அடிப்பாள். அன்று என் கையைப் பிடித்தாள்; அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீடு வரும்வரை எனக்கும் ஒரு பகிடியும் வரவில்லை.

வியாழக்கிழமை அத்தானுக்கு ஷிப்ட். நான் போகாவிட்டால் இன்னும் சந்தேகம் வரும் என்று அக்காவே தீர்மானித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குட்டிக் கதிரைகள். என் முழங்கால் நாடிக்கு வந்தது. டீச்சர் நாலு அட்டைகளையும் மேசையில் பரப்பினா. பாம்பும் ஹெலியும் உள்ளதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தா. கணக்குச் சோதனை அட்டையைத் தொட்டு, இது உண்மையா என்று என்னைக் கேட்டா. "ஓம், உண்மை, ஆனால் இதை உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்காதீர்கள்" என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கும் சிரித்தா. நல்ல மனுஷி. அதுதான் எனக்குப் பயத்தைக் கூட்டியது. ஊரில் எங்களை விசாரித்தவர்களில் சிலரும் தொடக்கத்தில் சிரித்தவர்கள்தான்.

பிறகு நாலாவது அட்டையை எடுத்துத் தனியாக வைத்தா. வாசலில் வருகிறது யார் என்று மெல்லக் கேட்டா. எங்கள் வீட்டில் அக்காவுக்கு எப்போதும் மருமகள்தான் மொழிபெயர்ப்பாளர்: டொக்டரிடம், வங்கியில், கவுன்சிலில். தன் வழக்கைத் தானே மொழிபெயர்க்க வேண்டி வந்தது அன்றுதான்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஒளிச்சுப் பிடிச்சு எண்டு சொல்லம்மா."

மருமகள் டீச்சரிடம் திரும்பி, வழமைபோலத் துப்புரவாக மொழிபெயர்த்தாள்: "அம்மா அதை ஒளிச்சுப் பிடிச்சு எண்டு சொல்லச் சொல்றா, மிஸ்."

அவள் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று அவளுக்குப் பழக்கியதே நாங்கள்தான். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காது. அவள் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். என் காது சுட்டது.

டீச்சர் அட்டையை மருமகளின் பக்கம் திருப்பினா. பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு அவளைக் கேட்டா: நீ வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாயா, யாராவது உன்னைப் பயமுறுத்துகிறார்களா?

"நான் சேஃப், மிஸ்," என்றாள் மருமகள். "மாமாதான் இல்லை."



டீச்சர் என்னைப் பார்த்தா. ஒரு வருடமாக வாசலில் பார்த்த அதே ஆளைத்தான் பார்த்தா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கவலைப்படுகிறாள் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டியது தன் கடமை என்றா. அதற்கு மேல் சொல்லத் தனக்கு ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்றா. இதை நம்பலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பெற்றோர் வருகிற கண்காட்சியில் மற்ற மூன்றையும் தொங்கவிடலாம், இதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று நாலாவதை என் பக்கம் தள்ளினா.

மருமகளின் வாய் கோணியது. சத்தமில்லாமல் கண்ணீர் வந்தது.

"அதுதான் நான் வடிவாக் கீறினது. மற்றதெல்லாம் மாமா சொன்னது. இது மட்டும்தான் என்ரை."

"போடுங்கோ, மிஸ்," என்றேன். என் வாயால்தான் வந்தது. அக்கா மேசைக்குக் கீழே என் காலை உதைத்தாள். நான் திரும்பவும் சொன்னேன்: "போடுங்கோ."

வீட்டுப் படலையைத் திறக்கும்போது அக்கா ஏசினாள்.

"விசரன். உன்ரை படத்தை நீயே தூக்கிக் குடுத்திட்டு வாறாய்."

"முகம் தெரியாதக்கா. காலும் சாரமும்தானே."

"வாயை மூடு."

அடுத்த நாட்களில் பெல் அடித்த ஒவ்வொரு முறையும் அது சோஷல்தான் என்று நினைத்தோம். கவுன்சில் கார் ஒன்று எதிர்ப்பக்கம் நின்றபோது அத்தான் திரைச்சீலையை விட்டு அகலவில்லை. தலைமை ஆசிரியரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வந்திருந்தால் தேவலை. வராததற்குக் காரணம் தேடித் தேடி அக்காவுக்குத் தலையிடி. நான் ஃபாரஸ்ட் கேட் கடைக்கு மேலிருந்த அறைக்குப் போய்விடுகிறேன் என்றேன். "போய்? அங்கை பெல் இல்லையோ?" என்று கேட்டாள்.

கண்காட்சி அன்று மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் பழைய கோட்டும் கழுத்தில் பெயர் எழுதிய அட்டையுமாகத் திரிந்தார்கள். குண்டுக்குத் தப்பி ரெயிலில் ஏறிப்போன லண்டன் பிள்ளைகள் மாதிரி வேஷம். தன் மகளின் கழுத்தில் மட்டும் ஒன்றும் கட்ட அக்கா விடவில்லை. ஒரு தட்டு மரக்கறி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அதையே காவல் காப்பதுபோல நின்றாள். அத்தான் ஷிப்ட் என்றார்; அவருக்கு அன்று ஷிப்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் நாலாவது அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மருமகள் என் கையைப் பிடித்திருந்தாள். கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் வந்தார். அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அந்தக் காலத்தில் ஆமிக்குப் போகாமல் ஒளித்த யாரோ ஒருவனின் கதை என்று நினைத்திருக்கிறார்.

"பாவம் மனுஷன்," என்றார் என்னிடம். "கடைசியில் பிடித்தார்களா?"

"நொட் யெற்," என்றேன். இன்னும் இல்லை.

அவருக்கு அது பெரும் பகிடியாக இருந்தது. என் முதுகில் தட்டிவிட்டு அடுத்த கயிற்றுக்குப் போனார். ரோல்ஸ் மேசையிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்; 'ஆர் அந்த ஆள்?' என்று புருவத்தால் கேட்டாள். நான் மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் சிரிக்கவில்லை. அட்டையையும் பார்க்கவில்லை. மண்டபக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன குஞ்சு?"

"ஆர் வாறாங்கள் எண்டு நான் பாக்கிறன் மாமா," என்றாள். "நீங்கள் போய் ரோல்ஸ் சாப்பிடுங்கோ."