இடது ஓரத்தில் நான்

நனைந்த சாக்கும் பெட்ரோலும் கலந்து வீசும் வாடை எங்கே மூக்கில் பட்டாலும், என் அக்கா மதலேன் மேல் எனக்கு உடனே எரிச்சல் வந்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டியும் இந்தக் குணம் போகவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று முத்தியால்பேட்டைக்குத் திரும்பிய அப்பா, இரண்டு நீண்ட அலுமினிய உருளைகளின் மேல் பலகைத் தளம் போட்ட மிதவைப் படகொன்றை வாங்கி, சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக் கழிமுகத்தில் ஓட்டினார். வீட்டில் அதற்குப் பெயர் "பொந்தோன்". ஐப்பசி மழையில் ஆறு பெருகுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அதை டிரெய்லரில் ஏற்றிக் கரை சேர்ப்போம். மாமா ஜீப்பைப் பின்னால் எடுத்து, டிரெய்லரைச் சரிவு வழியாகத் தண்ணீருக்குள் இறக்குவார். அதில் சாக்கு சுற்றிய இரண்டு நீளப் பலகைகள். பலகைக்கு ஓர் உருளையாகப் படிய வேண்டும். டிரெய்லர் அதிகம் இறங்கினால் படகு மிதந்து ஒதுங்கும், குறைவாக இறங்கினால் உருளை உரசும். அதனால் முழங்கால் தண்ணீரில் அக்கா நிற்பாள். சக்கரத்தின் மட்கார்டைத் தண்ணீர் தொட்டதும் கையைத் தூக்கி "அரே" என்பாள். பிரெஞ்சில் நிறுத்து என்று அர்த்தம். ஒன்பதாவது படிக்கும் பெண்ணின் ஒரு சொல்லுக்கு ஜீப் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

என் வேலை என்ன தெரியுமா? அப்பா வலப்பக்கம் நின்று படகை டிரெய்லர் மேல் ஓட்டி வருவார், பெட்ரோல் டாங்கும் அங்கேதான். படகு அந்தப் பக்கம் சாயாமலிருக்க இடது ஓரத்தில் நான் பாரமாக உட்கார வேண்டும். "நவுராத உக்காரு, நீதான் எனக்குத் தராசுப் படிக்கல்லு" என்பார். அக்காவுக்கு அதிகாரம், எனக்கு மூட்டை உத்தியோகம்.

ஒரு வருடம் காலையிலேயே சாப்பிடாமல் அடம் பிடித்தேன். "இந்த வாட்டி நான்தான் அரே சொல்லுவேன்." அக்கா சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "சொல்லட்டும்பா, நான் படகுல உக்காந்துக்கறேன்" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். நான் கண்ணிமைக்காமல் மட்கார்டையே பார்த்திருந்து, தண்ணீர் தொட்ட நொடியில் கத்தினேன். ஜீப் நின்றது. அந்த ஒரு நிமிடம் நான்தான் மகாராணி; பின்னால் வரும் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படகு ஏறியது, மாமா கயிற்றைச் சுற்றி இறுக்கினார், ஜீப் மேலே இழுத்தது. கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது: வலது உருளை பலகையை விட்டு இறங்கி, படகு ஒருச்சாய்ந்து கிடந்தது. மறுபடி தண்ணீரில் தள்ளி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. "சின்னது லேட்டா கத்துச்சு போல" என்றார் மாமா. அப்பா திட்டவில்லை. "அடுத்த வருஷம் மதலேனே நிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். நான் சரியாகத்தான் சொன்னேன் என்று அழுதேன். யாரும் கேட்கவில்லை. அதன்பின் படகை விற்கும்வரை நான் படிக்கல்தான்.

அப்பாவும் மாமாவும் இன்று இல்லை. அந்தப் படகுத்துறையில் இப்போது கிரேன் ஒன்று பெல்ட்டைப் போட்டுப் படகை அலாக்காகத் தூக்கி வண்டியில் வைத்துவிடுகிறது. குரல் கொடுக்கவும் ஆள் வேண்டாம், பாரத்துக்கும் ஆள் வேண்டாம். போன மாதம் அதைப் படமெடுத்து பிரான்சில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அந்த வருஷம் படகு சாஞ்சது உன்னால இல்லடி. நான் இடது ஓரத்துல உக்காரல. எழுந்து போயி அப்பா பக்கத்துல நின்னுட்டேன்."

"ஏன்?"

"வருஷா வருஷம் நான் தண்ணியில நிக்கறேன், நீ அவரோட படகுல வர்ற. எனக்கு எப்டி இருந்திருக்கும்?"

"அப்ப அப்பாவுக்குத் தெரியும்."

"தெரியும். தள்ளிப் போன்னு சொல்லல. என் தோள்ல கையப் போட்டுக்கிட்டாரு."

இத்தனை காலம் நான் பொறாமைப்பட்டது ஒரு சொல்லுக்கு. இப்போது அந்தக் கைக்குப் பொறாமைப்படுகிறேன். எத்தனையோ வருடம் அப்பாவோடு அந்தப் படகில் வந்திருக்கிறேன்; நான் உட்கார்ந்த ஓரத்துக்கு அவர் கை எட்டியதே இல்லை.