டேப்புக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெயரே அக்காதான். அவளைவிட முப்பது நாற்பது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டியவன் கைவிட்டுப் போனபின் தரை துடைக்க வந்தவள். போகப்போகக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், நகம் வெட்டினாள். கடைசியில், பிள்ளைகளோடு வீடியோவில் பேச வாங்கிப்போட்ட, சிலேட்டு மாதிரித் திரையுள்ள டேப்பைத் தூக்கிப் பிடிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

ஒருமுறை டிரைவர் அப்பா மகளிடம் இடுப்பு வலி என்று சொல்லி அழுதுவிட்டார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர், அதனால் அந்தப் பெயர். கடல் கடந்து இருந்த மகளும் ஓவென்று அழுதாள். அதோடு சரி, மாதக்கணக்கில் அவள் கூப்பிடவே இல்லை. மனிதர் கதவைப் பார்த்தபடியே கிடந்தார். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"அழுமூஞ்சியப் பாக்க யாருப்பா போன் பண்ணுவாங்க? இதைத் தூக்கிட்டு வந்தாலே சிரிக்கணும். மறந்துட்டா என் மூஞ்சியப் பாருங்க."

அன்றிலிருந்து டேப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு பல்லைக் காட்டுவாள். அவரும் அதைப் பார்த்துச் சிரிப்பார். "இன்ஜின் பழசுதாம்மா, ஆனா வண்டி ஜோரா ஓடுது" என்பார். மகள் வாராவாரம் கூப்பிடத் தொடங்கினாள். மற்ற கட்டில்காரர்களும் சிரிக்கப் பழகிக்கொண்டார்கள். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று அக்கா நினைத்திருந்தாள், பாவி.

பிறகு டிரைவர் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. படுத்தால் திணறுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினார். இதய டாக்டர் எங்கேயோ பெரிய ஊரில் இருந்தார்; புதன்கிழமைகளில் அதே டேப்பில் வந்து பார்ப்பார். அக்கா நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி டிரைவர் அப்பாவுக்கும் நேரம் வாங்கினாள்.

"எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லணும், சரியாப்பா?"

"சொல்றேம்மா."

புதன்கிழமை டாக்டர் திரையில் வந்தார். நர்ஸ் வேறொரு கட்டிலுக்கு ஓடியிருந்தாள்.

"என்ன ஐயா, என்ன தொந்தரவு?"

"நெஞ்சுல..." என்று தொடங்கினார். கண் வழக்கம்போல் அக்கா பக்கம் போனது. அவளோ டேப்பைத் தூக்கியதுமே, பாழாய்ப்போன பழக்கம், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். டிரைவர் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு குறையும் இல்லைங்க. இன்ஜின் பழசு, ஆனா வண்டி ஜோரா ஓடுது."

"ரொம்ப சந்தோஷம். அதே மாத்திரையச் சாப்பிடுங்க" என்று டாக்டர் சிரித்தார். அக்காவுக்கு உறைத்து வாயைத் திறப்பதற்குள் அவர் திரையிலிருந்து போய்விட்டார்.

"ஐயோ, ஏம்ப்பா சொல்லல?"

"நீ சிரிச்சியே? நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்னு நினைச்சேன்."

அவள் நர்ஸிடம் ஓடினாள். "அவரே நல்லாயிருக்கேன்னு சொல்லிட்டாராமே! அடுத்த புதன் பாத்துக்கலாம் அக்கா" என்றாள் நர்ஸ். அக்கா அவள் காலில் விழாத குறைதான். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த புதனுக்கு அவர் இல்லை. தலையணையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

மகள் டேப்பில் வந்தாள். இந்த முறை பேசுவதற்கு அக்காவைத் தவிர யாருமில்லை.

"போன வாரம்கூட சிரிச்சுப் பேசினாரே அக்கா! கஷ்டப்பட்டாரா? உண்மையச் சொல்லுங்க."

என்னால்தான் போனார் என்று கதறிவிடத்தான் அக்கா வாயெடுத்தாள். எதிரே மகள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு குறையும் இல்லாமப் போனாரும்மா" என்றாள்.

திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், அக்காவின் முகமே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.