மண்டப வாசலில் முந்திரித் திருடன்

என் வீட்டுக்காரியின் தம்பி படக்கதை வரைகிறவன். பிழைப்புக்குக் கடலூரில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிறான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கை பட்டுத்தான் வெளியே வரும். ஆனால் லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து அவன் வரைவது வேறு. அதில் ஒரு ஆள் வருவான். பெரிய மீசை, வாயில் சுருட்டு, தோளில் அருவா, காலடியில் ஒரு நாட்டு நாய். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கொட்டை திருடிக்கொண்டிருந்தவன், பிறகு அதே தோப்புகளுக்குக் காவல்காரனாகப் போகிற கதை. அவனுக்குப் பறக்கத் தெரியாது. சக்தி எதுவும் கிடையாது. பொய் சொல்லுவான். காவலுக்கு வந்த பிறகும் தினம் ஒரு கை கொட்டையை மடியில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான்.

இந்த ஆளை வைத்து மச்சான் தன் கைக்காசில் இரண்டு புத்தகம் போட்டான். வாங்கத்தான் ஆள் இல்லை. கடையில் வைக்கச் சொன்னால், "இது யாரு, யாருக்கும் தெரியாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் சென்னைப் பதிப்பகம் ஒன்று கூப்பிட்டது. படம் நன்றாக இருக்கிறது, ஆள்தான் சரியில்லை என்றார்கள். மீசையை எடுத்துவிடு, சுருட்டை எடுத்துவிடு, திருடன் என்பதையும் விட்டுவிடு, ஒரு சக்தி கொடு, மூன்றாவது புத்தகத்தை நாங்கள் போட்டு ஊரெல்லாம் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வந்தது. அது முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று மச்சான் தவணை வாங்கிக்கொண்டான்.

"சிதம்பரத்துல நாலு பேராவது நின்னு இவனப் பாத்தாங்கன்னா, இவன் இவனாவே இருக்கட்டும் மாமா. இல்லனா மீசைய எடுத்துடறேன்" என்றான். சொல்லும்போது அவன் தன் மீசையைத் தடவிக்கொண்டது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். திங்கட்கிழமை பாடலீஸ்வரரைப் பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டேன். மச்சானுடைய முதல் புத்தகத்தை ஆசையாகத்தான் கையில் எடுத்தேன். மூன்றாவது பக்கத்திலேயே அந்தத் திருடன் ஓடிவந்து கோயில் வாகன மண்டபத்துக்குள் புகுந்து, ரிஷப வாகனத்துக்குப் பக்கத்தில் வாயில் சுருட்டோடு நிற்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. மூடி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி இரண்டு புத்தகத்தையும் படித்து, சமைக்கும்போதெல்லாம் எனக்குக் கதையைச் சொல்லுவாள். அப்படிக் காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்தது.

"கோயிலுக்குள்ள சுருட்டா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க குலசாமிக்கு யாரு மாமா சுருட்டு வாங்கி வெக்கறது?"

திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் வயல்வெளியில் நிற்கிற முனீஸ்வரன்தான் எங்கள் குலதெய்வம். வருசா வருசம் சுருட்டு வாங்கிக்கொண்டு போவது நான்தான்.

"அது சாமி. இது திருடன்."

"ரெண்டு பேரும் காவலுக்குத்தான மாமா நிக்கறாங்க" என்றான். உள்ளே என் வீட்டுக்காரி சிரிக்கிற சத்தம் கேட்டது.

கண்காட்சிக்காக மச்சான் அந்த ஆளை ஒட்டுப்பலகையில் ஆள் உயரத்துக்கும் மேலே கட்டவுட்டாகச் செய்தான். நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று குப்புறப் படுக்கவைத்து மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். மச்சான் பார்த்துவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டான்.

மண்டபத்துக்குள் எங்களுக்குக் கொடுத்த இடம் தாழ்வான பந்தல். கட்டவுட் உள்ளே நுழையவே இல்லை. கண்காட்சி நடத்துகிறவர் வந்து பார்த்துவிட்டு, "வெளிய கேட்டு பக்கத்துல நிக்க வெச்சுடுங்க" என்றார்.

"உள்ள எடமே இல்ல மாமா இவனுக்கு" என்றான் மச்சான். முகம் சுண்டிப்போயிருந்தது.

எங்களுக்கு எதிரே வெளிநாட்டுப் படக்கதைகள் விற்கிற கடை. முகமூடி போட்டவன், முதுகில் கேப் கட்டினவன் என்று உலகத்துக்கே தெரிந்த ஆட்கள். பிள்ளைகள் அங்கே போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள். எங்கள் பக்கம் வந்த ஒரு பெண்பிள்ளை புத்தக அட்டையில் மீசைக்காரனைப் பார்த்து நின்றது. "அவன் கெட்டவன்மா, வா" என்று அதன் அப்பா இழுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் நாள் அப்படியே போயிற்று. மச்சான் மத்தியானச் சோற்றைத் திறக்கவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நடராஜரைப் பார்த்தேன். அப்படியே ஊர் எல்லையில் இருக்கிற காளியையும் போய்ப் பார்த்தேன். சபையில் ஆடியவரைப் பார்த்தவன் எல்லையில் இருக்கிறவளைப் பார்க்காமல் வந்தால் எனக்குப் பாதி சாமி கும்பிட்டது போலத்தான் இருக்கும். மச்சானுக்கு நல்ல வழி காட்டு தாயே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். மீசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு புவனகிரிக்கு ஒரு லோடு இருந்தது. இறக்கிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியபோது மூன்று மணிக்கு மேல் இருக்கும். கேட்டுக்கு முன்னால் கூட்டம். என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

மீசைக்காரன் கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றியில் குங்குமம். அருவா முனையில் ஒரு எலுமிச்சம்பழம். எதிரே செருப்பைக் கழற்றிப்போட்டு நாலைந்து பேர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒரு செங்கல் மேல் கற்பூரம் எரிகிறது.

படத்துக்குக் கற்பூரம். அதுவும் பிளக்ஸ் ஒட்டிய பலகைக்கு ஒரு முழம் தள்ளி. காற்று அடித்தால் அவன் காலடியில் இருக்கிற நாய் முதலில் எரியும், பிறகு ஆள் எரிவான். ஆனால் ஏற்றின கற்பூரத்தை நான் எப்படி ஊதி அணைப்பேன்? இரண்டு கையையும் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் நான்தான் ரொம்ப பக்தியாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அது தானாக அடங்குகிற வரைக்கும் வாயில் சிவ சிவா தவிர வேறு வார்த்தை இல்லை.

கேட்டு ஓரத்தில் பூ விற்கிற அம்மாதான் இதற்கு ஆரம்பம். கட்டவுட் நிழலில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், மண்டபத்துக்காரர் காவல் சாமி வைத்திருக்கிறார் என்று நினைத்து, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று மாலையைப் போட்டிருக்கிறாள். அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள்.

மச்சான் கேட்டுக்கு உள்பக்கம் தூணில் சாய்ந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"மச்சான், சொல்லிடலாம்."

"வேணாம் மாமா. இத்தினி வருசத்துல இவனப் பாத்து ஜனம் நின்னது இப்பத்தான். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

"அவுங்க இவனப் பாக்கலடா. வேற யாரையோ நெனச்சிக்கினு கும்புடறாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொன்னால் கூட்டம் கலைந்துவிடும், மச்சான் மீசையை எடுத்துவிடுவான். சொல்லாவிட்டால் அந்த ஜனங்கள் கும்பிட்ட பாவத்தை யார் சுமப்பது? என்னால் சுமக்க முடியாது. பூக்கார அம்மாவிடம் போனேன்.

"யம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது சாமி இல்ல. கத புஸ்தகத்துல வர்ற ஆளு. எம் மச்சான் வரைஞ்சது."

செருப்பைக் கழற்றியிருந்த ஒருவர் காலால் அதைத் தேடிக்கொண்டே, "இன்னாய்யா இது, படத்துக்கா எங்கள கும்புட வெச்சீங்க?" என்றார்.

பூக்கார அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவுங்களா வெச்சாங்க? மால போட்டது நானு. உன்ன யாரும் கைய புடிச்சி இட்டாந்து கும்புட வெக்கல" என்றாள். பிறகு என்னிடம், "சாமி இல்ல, சரி. அப்ப யாரு இவன்? இத்தினி மீசய வெச்சிக்கினு சும்மாவா நிக்கறான்?"

மச்சானைப் பார்த்தேன். அவன் பேப்பரில் பேசுகிறவன், கூட்டத்தில் வாய் திறக்க மாட்டான். நான்தான் சொல்லும்படி ஆயிற்று.

"முந்திரித் திருடன்மா."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர், "எங்க தோப்புல போன வருசம் பூந்தவன் இவந்தானா?" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வீட்டுக்காரி சொல்லி என் காதில் விழுந்ததையெல்லாம் சொன்னேன். புருசன் இல்லாத ஒரு அம்மாவின் தோப்பில் அவன் மூட்டை கட்டியது. அந்தத் தோப்பு நாய் குரைக்காமல் அவன் பின்னாலேயே அவன் வீடு வரைக்கும் வந்து வாசலில் படுத்துக்கொண்டது. விரட்டினாலும் போகவில்லை. விடிந்ததும் அவன் மூட்டையையும் நாயையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டது. அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இனிமேல் நீயே காவலுக்கு இரு என்றது.

"அதோட திருந்திட்டானா?" என்றாள் பூக்கார அம்மா.

"எங்க திருந்தனான்? இப்பவும் தெனம் ஒரு கை எடுத்து மடியில கட்டிக்குவான். அந்தம்மாவுக்கும் அது தெரியும்."

"கை நிக்காது. எங்க வீட்லயும் ஒண்ணு கீது" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கூடையில சில்லறய எண்ணவே வுடாது. ஆனா ராத்திரில எவனாச்சும் வாசல்ல வந்து நின்னா அதுதான் மொதல்ல எழுந்து போவும்." கொஞ்ச நேரம் மீசைக்காரனையே பார்த்தாள். "நம்ம ஆளுதான் இவன். சாமின்னு நெனச்சி கொஞ்சம் பயந்துட்டன்."

பிறகு அவள் உள்ளே வந்தாள். கூடையைத் தலையில் வைத்தபடியே எங்கள் கடை முன்னால் நின்று, "எம்பொண்ணு படிச்சிக் காட்டும், ஒண்ணு குடு" என்றாள். அவள் பின்னாலேயே இன்னும் சிலர். தோப்புக்காரர் இரண்டு புத்தகத்தையும் வாங்கி, எந்த வழியாகத் திருடன் உள்ளே வருகிறான் என்று படத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைத் தேடினவர்கூட வந்து ஒன்றைப் புரட்டிவிட்டு, வாங்காமல், ஆனால் சிரித்துக்கொண்டே போனார். எதிர்க்கடை வரிசை அப்படியேதான் இருந்தது. எங்கள் பக்கம் வரிசையெல்லாம் இல்லை. நின்றார்கள், பார்த்தார்கள், கேட்டார்கள். கடைசி நாள் வரைக்கும், "கேட்டுல நிக்கறானே, அவன் புக்கு இருக்கா?" என்று யாராவது வந்துகொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் கட்டவுட்டை ஏற்றும்போது மாலை இன்னும் அதன் கழுத்திலேயே இருந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. பூக்கார அம்மாவையே எடுக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும்ண்ணா, காஞ்சா தானா வுழும்" என்றாள்.

இந்த முறை தார்ப்பாய் போடவில்லை. கேபினுக்குப் பின்னால் ரோட்டைப் பார்க்க நிமிர்த்தி வைத்துக் கட்டினேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. மச்சான் இறங்கிப் போய்ப் பதிப்பகத்துக்குப் போன் போட்டான். புளியமரத்தடியில் நின்று பேசினது எனக்கும் கேட்டது.

"இல்லீங்க சார். மீசையோடதான் வருவான். திருடனாவேதான் வருவான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரிங்க சார், பரவால்ல" என்று போனை வைத்துவிட்டான்.

"இன்னா சொன்னாங்க மச்சான்?"

"ஒத்து வராதுன்னுட்டாங்க மாமா." சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். "எங்க கட ஓனரு காயிதம் வெல கொறச்சி வாங்கித் தரன்னாரு. மூணாவதயும் நானே போட்டுக்கறேன்." வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், கண்ணாடியில் தலையைச் சாய்த்தான். நான் காசு கொடுத்துவிட்டு வருவதற்குள் தூங்கிவிட்டான். ஒரு வாரமாகப் பொட்டுத் தூக்கம் இல்லாமல் இருந்தவன். வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போல இருந்தது.

எழுப்ப மனசு வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன். டாஷ்போர்டு மேல் மிச்சமான முதல் புத்தகம் ஒன்று கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். அதே மூன்றாவது பக்கம், அதே வாகன மண்டபம், அதே சுருட்டு. இந்த முறை அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

திருடன் ரிஷபத்தை நிமிர்ந்து பார்க்கிறான். வாயிலிருந்து சுருட்டை எடுக்கிறான். அடுத்த கட்டத்தில் வெளியே படி ஓரம் மட்டும். அங்கே அவன் செருப்பு, அதற்குப் பக்கத்தில் அணைத்து வைத்த சுருட்டு. உள்ளே அவன் வெறும் தரையில் சுருண்டு தூங்குகிறான்.

டீ ஆறிப்போயிற்று. நான் அதற்கடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.