எலுமிச்சை கலந்த பச்சைச் சாறும் வலங்கைமான் நடவும்

போன ஜூன் கடைசி வாரம் திருச்சியிலிருந்து வலங்கைமான் போனோம். என் மனைவி ஸ்டெல்லாவின் பிறந்த வீட்டு வயலில், குறுவை நடவின் முதல் நாற்று முடியை, அதாவது முதல் நாற்றுக் கட்டை, வீட்டுப் பெண்தான் நட வேண்டும். லூபஸ் என்ற நோய் வந்ததிலிருந்து வெயில் பட்டால் அவளுக்குத் தோல் சிவந்து காய்ச்சலே வந்துவிடும். இரண்டு வருடமாக வரப்பில்கூட நிற்கவில்லை. இந்த முறை டாக்டர், வெயில் ஏறுவதற்குள், முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீனோடு, அரை மணி நேரம் மட்டும் என்று மனமிறங்கினார். அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள்!

காலை 8.10க்குப் பஸ், ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சாவூர். அங்கே அவளுடைய கல்லூரித் தோழி நூர்ஜஹான், மூலிகைச் சாறுகளை ஆராய்கிறார். தட்டுகளில் வளர்த்த தோல் செல்களில் நெல்லி, மாதுளைத்தோல் சாறுகளை விட்டு, புற ஊதாக் கதிரைக் காட்டி, எத்தனை செல் பிழைக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை.

"சாறு விட்ட செல் கூடுதலாத்தான் பிழைக்குது. ஆனா தட்டுல இருக்கிற செல் வேற, உன் உடம்பு வேற. அதை நம்பி வெயில்ல இறங்காதே."

"எங்க அண்ணி கற்றாழை, மஞ்சள், எலுமிச்சை அரைச்சு வச்சிருக்காங்கடி."

"எலுமிச்சையா? ஐயையோ! அதைப் பூசிட்டு வெயில்ல நின்னா நல்ல தோலே கொப்பளிச்சுடும்."

அங்கிருந்து பாபநாசம் வழியாக சுமார் நாற்பது கிலோமீட்டர், கார் வாடகை 1,400 ரூபாய். "ஆத்துல தண்ணி வந்துருச்சு சார், ஊரே வயல்லதான் கெடக்கு," என்றார் டிரைவர். ஸ்டெல்லா வெளியே பார்க்கவே இல்லை. "அண்ணிகிட்ட எப்படிங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பூசுகிற மாதிரி பூசிவிட்டுக் கழுவிவிடு என்றேன். அவள் முறைத்தாள்.

வீட்டு ஃப்ரிட்ஜில் பச்சை நிறத்தில் ஒரு பாட்டில். 'ஸ்டெல்லாவுக்கு, யாரும் தொடக் கூடாது' என்று சீட்டு வேறு. பத்து நாளாக யூடியூப் பார்த்து அரைத்து அரைத்துப் பார்த்திருக்கிறார் செலின் அண்ணி. ஸ்டெல்லா தயங்கித் தயங்கிச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதுன்னு நெனச்சேனே... உனக்குக் கெடுதல் பண்ணப் பாத்தேனே!"

பிறகு எழுந்து பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். கண்ணைக்கூடத் துடைக்காமல், நடவு ஆட்களைக் கூட்டி வரும் மல்லிகாவுக்கு போன் போட்டார். "மல்லிகாக்கா, நாளைக்கு ஏழு மணி வேணாம், அஞ்சரைக்கே வந்துருங்க. எங்க நாத்தனார் எறங்குறா."

நடவு பார்க்க வருகிறவர்களுக்கு: ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கும்பகோணத்தில் தங்கினால் பத்து கிலோமீட்டர்தான். தொப்பியும் சன்ஸ்கிரீனும் மறக்காதீர்கள். மூலிகை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் பூசிக்கொள்ளவும் வேண்டாம், தோல் நோய் இருந்தால் டாக்டர் சொல்வதுதான்.

மறுநாள் 5.35க்கு ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி முதல் முடியைப் பிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கொஞ்ச நேரத்தில் தென்னைகளுக்கு நடுவே சூரியன் வந்தது. வரப்பில் நின்ற அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடாலென்று வயலில் இறங்கி, அவளுக்குக் கிழக்கே போய் நின்றார்.

"என்ன செலினு, வரிசையில குறுக்க நிக்கிற? நகரு!" என்று மல்லிகா சத்தம் போட்டார்.

"நகர மாட்டேன், போங்க."

ஸ்டெல்லா ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து நட்டாள். அண்ணியும் கூடவே நகர்ந்தார். அரை மணி நேரம் முடியும் வரை அவர் நிழல் ஸ்டெல்லாவின் மேல்தான் இருந்தது.