வானநீல வண்டியின் பதினான்கு வோல்ட்

நான்கு மணிக்குப் பழைய வண்டிகளை உதிரிபாகமாக விற்கும் ருபெர்த்தோ வந்து அப்பாவின் வண்டியைப் பிரித்துப்போட இழுத்துச் செல்வான். அதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஒடாலிஸ் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்தாள்.

அப்பா எவாரிஸ்டோ இறந்து பதினொரு நாள். கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் கடற்கரைச் சாலையில் இருபத்தாறு வருடம் இந்த 1952ஆம் வருடத்து அமெரிக்க வண்டியை வாடகைக்கு ஓட்டியவர். கர்ப்பிணிகளிடம் காசு வாங்கமாட்டார். ஹாரனைவிடச் சத்தமாகத் திட்டுவார். எஞ்சினில் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது ஒரு ருஷ்ய ஆல்டர்னேட்டர்; அதைத் தாங்குவது கட்டில் இரும்பை வளைத்து அவரே செய்த பட்டை. கடைசி மூன்று மாதம் பாட்டரி சார்ஜ் ஏறவேயில்லை. விளக்கைப் போட்டால் வண்டி மூச்சுத் திணறியது.

"விட்டுத்தொலைடி, ஊரே தள்ளித் தள்ளி ஓஞ்சுபோச்சு. உங்கப்பனே ரெண்டு ஆல்டர்னேட்டர் மாத்திப் பார்த்துட்டாரு" என்றாள் அம்மா நெரெய்தா.

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். போன்ல கேட்டாரு. மின்நிலையத்துல வேலையா இருந்தேன், பாக்காமலே சொல்லிட்டேன்."

அம்மா சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"ஸ்டார்ட் பண்ணும்மா. விளக்கைப் போடு."

பாட்டரி முனைகளில் 12.4 வோல்ட்; சார்ஜ் ஏற பதினான்காவது வேண்டும். ஆல்டர்னேட்டரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையில் 14.2. அது நன்றாகத்தான் வேலை செய்தது. அப்படியானால் வழியில்தான் இழப்பு. நேர்முனைக் கம்பியில் 0.1 மட்டும். ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து பாட்டரியின் எதிர்முனைக்கு வைத்தாள்.

1.7.

எஞ்சினை நிறுத்தி, மின்சாரம் திரும்பிவரும் வழியான அந்த இரும்புப் பட்டையைக் கழற்றினாள். இரு பக்கமும் தடிமனாக, வழவழவென்று வானநீலம். படகுக்கு அடிக்கும் பெயிண்ட்; மின்சாரத்தை விடாது.

"இது எப்ப அடிச்சது?"

"மூணு மாசத்துக்கு மேல இருக்கும். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பதினஞ்சாம் பொறந்தநாள். வண்டில ஊர்வலம் போகணும்னு கேட்டா. உங்கப்பா சும்மா இருப்பாரா? அக்குவேறா ஆணிவேறா கழட்டி, உள்ள இருக்கிறதுக்கும் அடிச்சாரு. 'பானெட்டைத் திறந்தாலும் மாப்பிள்ளை மாதிரி இருக்கணும்'னாரு."

ஒடாலிஸ் உப்புத்தாளை எடுத்தாள். இரும்பு தெரியும்வரை தேய்த்தாள். எஞ்சினில் அது உட்காரும் இடத்தையும் தேய்த்தாள். வெளியே தெரியும் நீலத்தை மட்டும் தொடவில்லை. திருகுகளை இறுக்கினாள்.

விளக்கு எரிய, எஞ்சின் ஓட, பாட்டரி முனையில் 14.1.

வாசலில் இழுவைக் கயிற்றோடு ருபெர்த்தோ நின்றான். "என்ன பொண்ணே, பொணத்துக்குப் பவுடர் பூசுறியா?"

அவள் மீட்டரை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படிங்க."

அவன் இரண்டு தடவை படித்தான். "சரி, யாரு ஓட்டப் போறது?"

"கயித்தைச் சுருட்டிக்கிட்டு ஏறுங்க மாமா. உங்க வீட்டுல எறக்கிவிடுறேன்."

அம்மா ஏற்கெனவே ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "அவன் பின்னாடி உக்காரட்டும்" என்றாள்.